உடுப்போடு நீந்தப் பழக்குகிற ஊர்

1

டிசம்பர் இருபத்தாறு இங்கே கிறிஸ்மஸின் இரண்டாம் நாள். கடைகள் பாதி பூட்டு. சனம் முதல்நாள் தின்ற களை போவதற்காகத் தொப்பி, கையுறை, கழுத்துத் துணி எல்லாம் மாட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போகும். குளிப்பதற்கில்லை. அந்தக் குளிரில் பெருவிரலைக்கூட நனைக்க ஏலாது. காற்று வருகிற பக்கத்துக்கு முகத்தைக் கொடுத்து, மூக்குச் சிவக்கச் சிவக்க நடந்துவிட்டுத் திரும்பி வருவார்கள். தலைக்குள் கிடக்கிற குப்பையையெல்லாம் கடற்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது ஒல்லாந்துக்காரரின் நம்பிக்கை. அப்படி நடப்பதற்கென்றே ஒரு தனிச்சொல்லும் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு யன்னல் சீலை இழுத்து மூடியிருக்கும். அக்கா மரக்கறி மட்டும் சமைப்பார். அலுமாரிக்கு மேல் இருக்கிற, எங்கள் மூத்தவர் ரூபன் அண்ணாவின் படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்துவார். ஊரில், திருகோணமலைப் பக்கம், சல்லியில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் கடற்கரை அஞ்சலிப் படங்கள் போனுக்கு வந்துகொண்டே இருக்கும். அக்கா ஒன்றையும் திறந்து பார்ப்பதில்லை.

இந்த முறை, அக்காவின் ஏழு வயது மகள் ஆரணி சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டாள்.

“சித்தி, நாங்களும் கடலுக்குப் போவமா?”

நான் வாயில் வைத்த பூசணிக்காயை விழுங்கவில்லை. அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

“இண்டைக்கா? இண்டைக்கெண்டு பாத்தே கேக்கிறாய்?”

“இண்டைக்குத்தானே அம்மா எல்லாரும் போகினம். லோட்டே வீட்டாக்களும் போகினம்.”

லோட்டே அவளுடைய வகுப்புத் தோழி. பக்கத்துத் தெரு. ஆரணியின் வாயில் ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் வருகிற பெயர் அது.

“லோட்டே வீட்டாக்கள் போகட்டும். நாங்கள் போறேல்ல.”

“ஏன்?”

அத்தான் தொண்டையைச் செருமினார். ஆரணி விடவில்லை. அவளுக்கு அன்றைக்குச் சொல்ல இன்னொரு செய்தியும் இருந்தது. “லோட்டேக்கு ஜனவரியில நீச்சல் டிப்ளோமா. என்னைப் பாக்க வரச் சொன்னவள். அம்மா, எங்கட வகுப்பில எனக்கு மட்டும்தான் டிப்ளோமா வகுப்பும் இல்லை, ஒண்டும் இல்லை.”

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த மேசையில் தொடங்கிய சண்டையைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

2

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலில் இந்த இடத்தைச் சொல்ல வேணும். இல்லாவிட்டால் சண்டை விளங்காது.

நாங்கள் இருக்கிற நிலம் கடல் மட்டத்தை விடத் தாழ்வு. மெய்யாகத்தான். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் புல்லு முளைத்த நீண்ட அணைக்கட்டு ஒன்று. அதில் செம்மறியாடுகள் மேயும். அந்தப் பக்கம் கப்பல் போனால் இந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்க்க வேணும். பம்புகள் ஓயாமல் தண்ணீரை இறைத்து வெளியே விடுகின்றன. அப்படியும் மிஞ்சுகிற தண்ணீருக்காக ஊர் முழுக்க வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார்கள். வயலுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே ஒன்று. வேலி கிடையாது. கரையில் வாத்து நிற்கும், தண்ணீருக்கு மேல் பச்சைப் பாசி பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். தெரியாதவர் புல்வெளி என்று நினைத்துக் காலை வைத்துவிடக் கூடும்.

அத்தான் இந்தக் கதையை அக்காவுக்குக் கலியாணத்துக்கு முதல் சொல்லவேயில்லை. அக்கா வந்து, பிள்ளையும் வயிற்றில் தங்கின பிறகு, யாரோ ஒரு தமிழ் அன்ரி தேத்தண்ணி குடிக்க வந்த இடத்தில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு நடந்த உரையாடலை அத்தான் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

“இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்ல?”

“சொல்லியிருந்தா நீர் வந்திருப்பீரே?”

“வந்திருக்க மாட்டன்.”

“அதுக்குத்தான் சொல்லேல்ல.”

அத்தானுக்குப் பெரிய கண்ணாடித் தோட்டம் ஒன்றில் வேலை. தக்காளி. நான் இங்கே வந்த புதிதில் ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வெளியில் பனி கொட்டுகிறது, உள்ளே எங்கள் ஊர்ப் பக்கத்துக் கந்தளாய் வெயில். மண்ணே இல்லை, பஞ்சு மாதிரி ஒரு கட்டியில் செடி நிற்கிறது, குழாயால் சாப்பாடு வருகிறது. பூவுக்குத் தேவையான வண்டுகள் காட்போட் பெட்டியில் வருகின்றன. பெட்டியின் மூடியைத் திறந்தால் வண்டுகள் வேலைக்குப் போகின்றன!

“பாத்தியே,” என்றார் அத்தான் பெருமையாக. “இஞ்ச இயற்கை எண்டது சுவிச்சைப் போட்டா வரும், நிப்பாட்டினா நிக்கும். உங்கட அக்காவுக்கு ஏத்த நாடு இதுதான். அவவுக்குத்தான் விளங்குதில்லை.”

எனக்கும் முதலில் அது சரி என்றுதான் பட்டது. கடலைக் கட்டி வைத்திருக்கிற நாட்டை விட, கடலைப் பார்க்க மாட்டேன் என்கிற பெண்ணுக்குப் பொருத்தமான இடம் வேறு எது? ஆனால் அக்கா அணைக்கட்டை ஒருநாளும் நம்பியதில்லை. “கட்டி வச்சிருக்கினம் எண்டா, அது வரப் பாக்குது எண்டுதானே அர்த்தம்?” என்று கேட்பார். பதில் சொல்லிப் பாருங்கள்.

3

சல்லியில் எங்கள் வீட்டின் குசினிக் கதவைத் திறந்தால் மணல். மணல் முடிகிற இடத்தில் கடல். அப்பா மீன்பிடி. சுனாமி வந்த வருடம் ரூபன் அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது. அக்காவுக்குப் பதினைந்து முடியவில்லை. எனக்கு ஆறு.

அந்த நாளைப் பற்றி எனக்குச் சொந்தமாக இருக்கிற ஞாபகம் ஒன்றே ஒன்று. தண்ணீர் கறுப்பாக இருந்தது. கடல் என்றால் நீலம் என்று கீறிப் பழகின பிள்ளைக்கு அது ஒரு பெரிய அதிர்ச்சி. மற்றதெல்லாம் அக்கா சொன்னது. ஒரே ஒரு தரம்தான் சொன்னார், நான் ஏஎல் பரீட்சை எழுதின வருடம், கேட்டு அழுத பிறகு.

காலையில் அண்ணா கரையில் வலை பிரித்துக்கொண்டு இருந்தவர். கடல் வருது, கடல் வருது என்று கத்தினபடி ஓடி வந்து, என்னைத் தோளில் போட்டு, அக்காவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு சீமெந்து வீட்டின் தட்டைக் கூரையில் ஏற்றினார். அம்மாவும் அப்பாவும் அன்றைக்குக் கடலுக்குத் தூரமான கந்தளாயில், மாமி வீட்டில். அண்ணா திரும்ப இறங்கினார். அயல் வீட்டுப் பெண் ஒருவரைக் கொண்டுவந்து ஏற்றினார். பிறகும் இறங்கினார். அக்கா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். போகாதே அண்ணா என்று கெஞ்சினார்.

“விடு. எனக்கு நீந்தத் தெரியும்தானே,” என்றார் அண்ணா.

அவ்வளவுதான். திரும்பி வரவில்லை.

இதில் இருந்து அக்கா எடுத்துக்கொண்ட பாடம் உலகத்தில் வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது, பிழை என்று சட்டென்று சொல்ல முடியாத கணக்கு. நீந்தத் தெரியாத நாங்கள் கூரையில் இருந்து தப்பினோம். நீந்தத் தெரிந்தவர் திரும்பிப் போனார். ஆகவே நீச்சல்தான் ஆளைக் கொண்டு போனது.

4

நான் இங்கே வந்தது மேற்படிப்புக்கு. மனிதருக்கும் இயற்கைக்கும் இடையில் இருக்கிற உறவை ஆராய்கிற உளவியல். ஊரில் சொன்னபோது எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “அது படிச்சா என்ன உத்தியோகம்?” எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் ஏன் படிக்கிறேன் என்று தெரியும். ஒரே அலை. ஒரே கூரையில் இரண்டு பேர். சின்னவள் வளர்ந்து கடலைக் கண்டால் துள்ளுகிறாள். பெரியவள் கடல் தெரிகிற பஸ்ஸில் யன்னல் பக்கம் இருக்க மாட்டாள். இதை விட எனக்கு வேறு கேள்வி வேண்டுமா?

முதல் தவணையில் விரிவுரையாளர் வட்டமாக இருத்தி வைத்து, இயற்கையில் உங்களுக்கு அமைதி தருகிற இடம் எது என்று கேட்டார். காடு, மலை, ஏரி என்று வந்தது. நான் கடல் என்றேன். சொல்லிவிட்டு, வாய் சும்மா இருக்காதே, அக்காவின் கதையையும் சொன்னேன். அவர் தலையை மெதுவாக ஆட்டி, பெரிய அதிர்ச்சியின் பின்விளைவு, பயம், என்றார். பிறகு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஏனென்றால் அது வெறும் பயம் இல்லை. நாயைக் கண்டால் பயப்படுகிறவர் நாயைப் பற்றி விசாரித்துக்கொண்டா இருப்பார்? அக்கா ஒவ்வொரு காலையும் தேத்தண்ணியோடு போனை எடுத்துத் திருகோணமலையின் காற்றையும் அலையையும் பார்ப்பார். “இண்டைக்கு ஒருத்தரும் கடலுக்கு இறங்கியிருக்க மாட்டினம்,” என்பார், தனக்குத்தானே. ஆனால் கடல் மீன் அவர் வாயில் படாது. சுனாமிக்குப் பிறகு ஊரே கொஞ்சக் காலம் மீன் தின்னாமல் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்; பிறகு எல்லோரும் திரும்பி விட்டார்கள், அக்கா திரும்பவில்லை. கந்தளாய்க்கு இடம் மாறின பிறகு குளத்து மீன் மட்டும். இங்கேயும் தமிழ்க் கடையில் பெட்டியைத் திருப்பித் திருப்பி வாசித்து, குளத்தில் வளர்த்தது என்று போட்டிருந்தால்தான் வாங்குவார்.

எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் இரண்டு பேர் கோபித்துக்கொண்டால் எப்படி இருப்பார்கள்? அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டார்கள். அந்தக் கைச் சாப்பாடு தொட மாட்டார்கள். கலியாண வீட்டில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளைக்குச் சோதனை என்பதெல்லாம் அத்துப்படி. அக்காவுக்கும் கடலுக்கும் இருக்கிறது அந்த மாதிரி ஒன்று. சொந்தமில்லாத ஒன்றோடு அப்படிக் கோபிக்க ஏலாது. இதை நான் கட்டுரையாக எழுதி, போதிய ஆதாரம் இல்லை என்று திரும்பியும் வந்துவிட்டது. சரி, அது வேறு கதை.

கிண்ணியாவில் என்னோடு கம்பசில் படித்த நஸ்ரின் இருக்கிறாள். அவளுடைய வாப்பாவும் மீன்பிடி. அவளிடம் இதைச் சொல்லிக் கேட்டபோது குரல் பதிவொன்று அனுப்பினாள். “எங்கட வாப்பா மூணாம் மாசமே தோணிய எறக்கிட்டாரு புள்ள. கோவிச்சிட்டு எங்க போற? அல்லாஹ் எழுதினதுக்குக் கடல ஏசி என்ன செய்யிற? அதோட, வீட்ட இருந்தா உம்மாட வாய்க்கு ஆரு பதில் சொல்ற?” பின்னால் அவளுடைய உம்மா எதையோ எறிகிற சத்தம் கேட்டது.

ஆக ஒரே கடல், ஒரே மாவட்டம். ஒருவருக்கு வேலைத்தளம், ஒருவருக்கு விளையாட்டு, ஒருவருக்கு முகம் முறிந்த உறவு. இயற்கையை நேசிக்கிறீர்களா என்று ஒற்றைக் கேள்வியில் கேட்கிறவர்கள் எங்கள் ஊரில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்து கேட்க வேணும்.

5

போன வருடம் கோயில் பொங்கலுக்குச் சல்லிக்குப் போயிருந்தேன். இப்போது கன சனத்துக்கு வீடு உள்ளுக்கு, கரையில் வள்ளமும் வலை வைக்கிற வாடியும் மட்டும். பின்நேரம் ஆனால் எல்லோரும் கரைக்கு வந்துவிடுவார்கள். வள்ளத்தின் விளிம்பில் இருந்து கச்சான் கடலை உடைப்பது, போன் பார்ப்பது, கதைப்பது. பொடியள் கூட்டம் அலைக்குள் பாய்ந்து, மூழ்கி, தூரப் போய்த் தலையைத் தூக்கிக் கூக்குரல் போடும்.

பெண் பிள்ளைகள் வரிசையாகக் கரையில் நின்றார்கள். பாவாடையை, சுடிதார்க் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனைகிற அளவுக்கு. அலை வந்தால் கீச்சிட்டுக்கொண்டு பின்னால் ஓடுவது, போனால் முன்னால் வருவது. நானும் அப்படித்தான் நின்றேன். கடலை விரும்புகிறவள் என்று உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், எனக்கும் நீந்தத் தெரியாது! இங்கே வந்து மூன்று வருடமாக வெட்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெட்டையிடம், நீங்கள் ஏன் உள்ளே போகிறதில்லை என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“நனைஞ்சா உடுப்பு ஒட்டும் அக்கா. ஆக்கள் பாப்பினமெல்லே.”

படிக்கிறவள் மூளையில் அது ஒரு குறிப்பாகப் பதிந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

6

லோட்டேயின் டிப்ளோமா நாள் நெருங்க நெருங்க வீட்டில் கதை கூடியது. நடுவில் இன்னொரு தோழியின் பிறந்தநாள் நீச்சல் தடாகத்தில் வந்தது. நீச்சல் சோதனையில் தேறி டிப்ளோமா வாங்காத பிள்ளைகள் கையில் காற்றடைத்த செம்மஞ்சள் வளையம் மாட்டிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்கலாம். அந்த வயதில் அது இங்கே பால்போத்தலோடு பள்ளிக்கூடம் போகிற மாதிரி. ஆரணி வயிற்றுக்குத்து என்று சொல்லிவிட்டுப் போகாமல் படுத்திருந்தாள். அக்கா வெந்தயம் கரைத்துக் கொடுத்தார். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அத்தான் ஒருநாள் வேலையால் வந்த கையோடு தொடங்கினார். “இஞ்சேரும், வாசலுக்கு முன்னால வாய்க்கால் கிடக்கு. பிள்ளை நெடுக உம்மட கையிலயே தொங்கிக்கொண்டு திரியப் போகுதே?”

“நான் பிடிச்சுக்கொண்டுதானே போறன்.”

“எத்தினை வயசு மட்டும்? கலியாணத்தண்டும் பிடிச்சுக்கொண்டு போவீரோ?”

“தேவைப்பட்டா போவன்.”

நான் என் படிப்பை எடுத்து விட்டேன். பயம் என்பது எப்படித் தாயிடம் இருந்து பிள்ளைக்குப் போகிறது, தவிர்க்கத் தவிர்க்க அது எப்படி வளர்கிறது, மெல்ல மெல்ல நெருங்கினால் எப்படித் தணிகிறது. நல்லாகத்தான் சொன்னேன். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டு முடித்தார். “எடியே, நீ படிச்சதைச் சுருட்டி உன்ர அறையில வை. எனக்குப் பயம் எண்டு உனக்கு ஆர் சொன்னது? எனக்குப் பயமில்லை. எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். அவள் ரூபன் அண்ணான்ர வார்ப்பு. ஒரு பூனை மரத்தில ஏறி நிண்டா இறக்க நிக்கிறவள். அவளுக்கு நீந்தத் தெரிஞ்சா, ஆராவது விழுந்தா, நிப்பாளே? சொல்லு, நிப்பாளே?”

ஆரணி நிற்க மாட்டாள் என்று எனக்கும் தெரியும்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, சண்டை டிப்ளோமாவைப் பற்றியதே இல்லை. அக்கா இன்னும் அண்ணாவின் அந்தச் சட்டையை விடவில்லை. இப்போது அதைப் பிள்ளையின் மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிடித்துக்கொண்டே நின்றால், பிள்ளை ஒருநாள் உதறிக்கொண்டு போய்விடும். ஏற்கனவே உதறத் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் அக்காவின் கையை விட்டு நாலு அடி தள்ளி நடக்கிறாள். வீட்டில் கோபம் வந்தால் ஒல்லாந்து மொழியில் சொல்கிறாள், அக்காவுக்குப் பிடிபடாத வேகத்தில்.

லோட்டேயைப் பார்க்க மட்டும் போகலாம் என்று ஒரு சமாதானம் ஆனது. பார்க்க மட்டும். அத்தானுக்கு அன்று வேலை. அக்கா தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். வேறு யாரையும் நம்பி அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் விட மாட்டாராம். நானும் ஒட்டிக்கொண்டேன்.

7

தடாக வாசலில் எல்லோருக்கும் நீல நிற பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள், சப்பாத்துக்கு மேல் மாட்டிக்கொள்ள. உள்ளே வெக்கை. குளோரின் மணம் மூக்கில் ஏறியது. தாத்தா, பாட்டி, மாமா, மாமி, பூங்கொத்து, கேக் பெட்டி. டிப்ளோமா எடுப்பது இங்கே எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் எழுத்துப் பழக்குகிற ஏடு தொடக்கல் மாதிரி. முழுக் குடும்பமும் வந்து நிற்க வேணும். அக்கா சுவரோடு ஒட்டின வாங்குப் பலகையில் இருந்து, ஆரணியை மடிக்குள் அமத்திப் பிடித்தார். தண்ணீரைப் பார்க்காமல் கேக் பெட்டிகளைப் பார்த்தார்.

விசில் ஊதியது. பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். காற்சட்டை, ரீசேட், காலில் சப்பாத்து. ஒரு பிள்ளை நீளக்கை மேற்சட்டையும் போட்டிருந்தது.

“என்னடி, உடுப்போட வருதுகள்? இன்னும் மாத்தேல்லையே?” என்றார் அக்கா.

“இல்லை அக்கா. உடுப்போட நீந்தத்தான் இஞ்ச பழக்கிறவை. வாய்க்காலுக்குள்ள விழுறவை ஒருத்தரும் குளிக்கிற உடுப்புப் போட்டுக்கொண்டு விழுறேல்லைத்தானே.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் தண்ணீரைப் பார்த்தார்.

லோட்டே விளிம்பில் முதுகைக் காட்டி நின்றாள். ஆசிரியை கையைத் தட்டினார். அப்படியே பின்பக்கமாக விழுந்தாள். அக்காவின் நகம் என் கையில் இறங்கியது. தண்ணீருக்குள் காற்சட்டை பலூன் மாதிரி ஊதியது, தலைமயிர் முகத்தில் அப்பியது, ஒரு கணம் எது கை எது துணி என்று தெரியவில்லை. பிறகு தலை வெளியே வந்தது. மயிரை ஒதுக்கினாள். காலடித்தாள். தண்ணீருக்குள் தொங்க விட்டிருந்த பெரிய படங்குத் துணியில் ஒரு ஓட்டை இருந்தது. மூழ்கி, அதற்குள்ளால் புகுந்து, அந்தப் பக்கம் வந்தாள். கரைக்கு வந்து, ஏணியும் இல்லை, ஒருவரும் கை கொடுக்கவும் இல்லை, முழங்கையை ஊன்றி எழும்பி நின்றாள். சப்பாத்தில் இருந்து தண்ணீர் வழிந்தது. ஆரணி மடியில் இருந்து பாய்ந்து எழும்பிக் கைதட்டினாள்.

அக்கா அவளைத் திரும்பப் பிடிக்கவில்லை.

அடுத்த பிள்ளை, அடுத்த பிள்ளை என்று விழுந்துகொண்டே இருந்தார்கள். தண்ணீரைப் பார்த்தபடியே அக்கா கதைத்தார். என்னைப் பார்த்து இல்லை.

“செல்வியின்ர சால் வேலிக் கம்பியில சுத்தினது.”

“எந்தச் செல்வி?”

“எங்கட அயல். என்னோட படிச்சவள். கழுத்தில சால், காலில சுடிதார், எல்லாம் நனைஞ்சு பாரம். அவளுக்குக் காலடிக்கவும் தெரியாது. கம்பியைப் பிடிச்சுக்கொண்டு ரூபன் அண்ணா, ரூபன் அண்ணா எண்டு குழறினவள். அவளிட்டத்தான் அண்ணா கடைசியா இறங்கிப் போனவர்.”

அந்தப் பெயரை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இத்தனை வருடமும் அண்ணா யாரிடம் திரும்பிப் போனார் என்று நான் கேட்கவும் இல்லை. யாரோ என்று நினைத்திருந்தேன். கடலுக்கும் அண்ணாவுக்கும் நடுவில் ஒரு ஆள் இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை.

“அண்டைக்கு அண்ணாவைக் கூப்பிட்டது ஒரு பொடியனுமில்லை. அவங்கள் எப்பிடியோ நீந்தி, எதையோ பிடிச்சு ஏறிட்டாங்கள். கூப்பிட்டது முழுக்க நாங்கள்தான். பெட்டையள்.” அக்கா மூச்சு எடுத்தார். “கடலுக்குப் பக்கத்தில பெத்துப்போட்டு, எங்களைக் கணுக்காலோட நிப்பாட்டி வச்சிட்டினம்.”

சொல்லக்கூடிய எதுவும் என் பாடப் புத்தகங்களில் இருந்ததாக ஞாபகம் வரவில்லை.

“இதுகள் மாதிரி அண்டைக்கு நாங்கள் இருந்திருந்தா,” என்று தொடங்கின அக்கா அதை முடிக்கவில்லை. ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கூப்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினார்.

8

திரும்பி நடந்து வந்தோம். வாய்க்கால் கரையோரம் மெல்லிய பனிக்கட்டி. வழக்கம் போல ஆரணி வீட்டுச் சுவர்ப் பக்கம், அக்கா தண்ணீர்ப் பக்கம். ஆரணி லோட்டே வீட்டுக் கேக் துண்டைத் தின்றுகொண்டு வந்தாள்.

“சரி,” என்றார் அக்கா நடந்தபடியே. “நீயும் பழகு.”

ஆரணி நின்றுவிட்டாள். “மெய்யாவா?”

“மெய்யாத்தான். ஆனா எனக்கு ஒரு சத்தியம் செய்து தரோணும். நீ விழுந்தா நீந்தி ஏறோணும். ஏறினாப் பிறகு, ஆர் கூப்பிட்டாலும், ஆர் குழறினாலும், திரும்பித் தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது.”

“அது எனக்குத் தெரியுமே. ரீச்சர் சொன்னவ. குதிக்கக் கூடாது, கயிறு, தடி ஏதாவது எறியோணும், பெரிய ஆக்களைக் கூப்பிடோணும்.”

“நல்ல ரீச்சர்,” என்றார் அக்கா. முகம் கொஞ்சம் இளகியது. “அப்ப சத்தியம்?”

ஆரணி கேக்கை விழுங்கினாள். யோசித்தாள். அவள் பொய்ச் சத்தியம் செய்கிற பிள்ளை இல்லை, அதுதான் பிரச்சினை.

“லோட்டே விழுந்தா குதிக்க மாட்டன். அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். சித்தி விழுந்தா...” என்னைப் பார்த்தாள். “சித்திக்குத் தடி எறிவன். ஆனா நீங்கள் விழுந்தா நான் குதிப்பன் அம்மா.”

“ஆரணி!”

“நீங்கள் தடியைப் பிடிக்க மாட்டீங்கள். நீங்கள் தண்ணியைக் கண்டா கண்ணை மூடுறனீங்கள். நான் கண்டனான்.”

அக்கா ஆரணியின் வாயில் ஒட்டியிருந்த கேக்கைத் துடைத்துவிட்டு நடந்தார். வீட்டுக்கு வந்து சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

9

திங்கட்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு தடாக அலுவலகத்துக்குப் போனார். மொழிபெயர்க்க என்று சொல்லித்தான் கூப்பிட்டார். ஆனால் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்ட எல்லாவற்றுக்கும் தானே பதில் சொன்னார். தட்டுத் தடுமாறி, வினைச்சொல்லை இடம் மாற்றிப் போட்டு, ஆனால் தானே.

பிள்ளையின் பெயர், வயது. தண்ணீரில் பழக்கம் உண்டா? இல்லை. பயம் உண்டா? இல்லை, கொஞ்சமும் இல்லை. புதன்கிழமை பின்நேர வகுப்பில் இடம் இருக்கிறது, சரியா? சரி.

அந்தப் பெண் கணினியில் தட்டிவிட்டு, இவ்வளவும்தானா என்கிற மாதிரிப் பார்த்தாள். அக்கா மேசையை விட்டு நகரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த நேர அட்டவணையை விரலால் தொட்டார். சனிக்கிழமை காலை, வளர்ந்த பெண்களுக்கு மட்டும், தொடக்க வகுப்பு.

“இது உங்கள் சகோதரிக்கா?” என்று அந்தப் பெண் என்னைக் காட்டிக் கேட்டாள்.

“அவளையும் போடுங்கோ,” என்றார் அக்கா அவர்களுடைய மொழியில். பிறகு, “முதல் என்னை,” என்றார்.

எழுத்துக் கூட்டித் தன் பெயரைச் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் வழக்கமான அதட்டல்.

“என்னடி பாக்கிறாய்? எனக்காக ஒரு பிள்ளை திரும்பி இறங்கக் கூடாது.”